தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது டிகிரி

எதையாவது ஒன்றை எழுதிவிட்டால் தீர்ந்தது. இது, இல்லாவிட்டால் அது. ஒரு பக்கம் போதும் என்றுதான் டாக்டர் சிதம்பரநாதன் சொன்னார், அரைப் பக்கமானாலும் சரிதான் என்று வேறு சேர்த்துக்கொண்டார், மூன்று மணிக் கூட்டத்தில் அதற்கு மேல் படிக்க யாருக்கும் பொறுமை இராது என்பது அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும், ஆனால் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததிலிருந்து திரையில் தலைப்பு மட்டும்தான் நிற்கிறது, ‘நமது மருத்துவமனைக்கு ஏற்ற மென்பொருள் எது’, அதற்குக் கீழே பியூலா ஞானமுத்து, புள்ளியியல் பிரிவு, அதற்கும் கீழே அந்தச் சின்னக் கோடு மின்னுகிறது, அணைகிறது, மின்னுகிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது. பழையதை எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே தெரியும், அதற்கும் என்னைத் தெரியும் என்றுகூடச் சொல்லலாம், மேலே பட்டியலைத் திறந்து இதையும் இதையும் ஒப்பிடு என்று சுட்டினால் ஒப்பிடும், கேட்டதற்குப் பதில் சொல்லும், கேட்காததைப் பற்றி வாயைத் திறக்காது, வித்தியாசம் இருந்தால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடும், டாக்டர்களுக்கு வேண்டியது அந்த நட்சத்திரம்தான், நட்சத்திரம் உண்டா இல்லையா மேடம் என்று கதவருகில் நின்றபடியே கேட்டுவிட்டுப் போகிற ஆட்கள் அவர்கள். புதியது அப்படி இல்லை. அதற்கு வரி வரியாகக் கட்டளை எழுத வேண்டும், ஒரு புள்ளி விட்டுப்போனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டால் மலை மாதிரித் தரவைக் கொட்டினாலும் விழுங்கிவிட்டுத் தானே கற்றுக்கொள்ளும், நாளைக்கு யாருக்குக் காய்ச்சல் வரும் என்று இன்றைக்கே சொல்லும் என்கிறாள் சுல்தானா. மேலப்பாளையத்துப் பெண், கம்ப்யூட்டர் படித்தவள், போன வருஷம் வந்து எனக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்தாள், அன்றிலிருந்து இந்தப் புதியதைப் பற்றித்தான் பேச்சு. எனக்கு ஜோசியம் வேண்டாம், கணக்குப் போதும் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். சிரிப்பாள். நல்ல பெண்தான். அவள் இப்போது தொழுதுவிட்டு வரப் போயிருக்கிறாள், அறையில் நான் மட்டும், மேலே சுற்றுகிற காற்றாடி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை டக் என்கிறது, யாராவது எண்ணெய் விட்டால் நின்றுபோகும், யாரும் விடமாட்டார்கள்.

அடியான் இந்நேரம் படுக்கையில் சாய்ந்திருப்பான். இரண்டு ஊசியும் குத்தி, குழாய் மாட்டி, ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகி உள்ளே வந்துகொண்டிருக்கும், காலை ஆட்டிக்கொண்டு பக்கத்துப் படுக்கைக்காரனிடம் ஓட்டப் பந்தயத்தைப் பற்றி வளவளத்துக்கொண்டிருப்பான். என் தம்பி ஏசுவடியான், விளையாட்டு வாத்தியார், சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகும் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றாத ஆள். இதே மருத்துவமனைதான், நான் மூன்றாவது மாடியில், அவனுக்கு டயாலிசிஸ் கீழ்த்தளத்தில் பின்பக்கம், இந்த ஜன்னலிலிருந்து குனிந்து பார்த்தால் அதன் தகரக் கூரை தெரியும், வெயிலில் அது இப்போது கண்ணைக் கூசுகிறது. ஏசி கெட்டுப்போய் ஒரு வாரமாயிற்று அங்கே, ஆட்கள் வருகிறார்கள் பார்க்கிறார்கள் போகிறார்கள், நோயாளிகள் வீட்டிலிருந்து விசிறி கொண்டுவருகிறார்கள், அவன்கூட இட்லிப் பானைக்குள்ளே படுத்த மாதிரி இருக்குக்கா என்றான். இத்தனை நாளும் காலை ஷிஃப்டுதான் அவனுக்கு. இன்றைக்குத்தான் முதல் தடவையாக மத்தியான ஷிஃப்டு. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா வருகிறது, காலையில் பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிட வேண்டும், மாற்றித் தரச் சொல்லிக் கேட்டான், உடனே மாற்றிக் கொடுத்தார்கள், மத்தியானத்தில் இடம் காலியாகவே கிடக்கிறதாம். காலியாகவே கிடக்கிறதாம். நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அவன் மனைவி ஹெப்சிபா கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அவளுக்குக் காப்பி அளவாகத்தான் கொடுக்கத் தெரியும் ஏனென்றால் அவனுக்குத் தண்ணீரே அளந்துதான், அதைக் குடிக்காமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே கேட்டான். “மத்தியான ஷிஃப்டு சரியில்லன்னு பேசிக்கிடுதாங்களே யக்கா. படுத்தா நடுக்கம் வருதாம். நீதானே அந்தக் கணக்கப் பாக்குத?” நான்தான் பார்க்கிறேன். நான் என்ன சொன்னேன். நான் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, பெரிய மனுஷி மாதிரி, எல்லாம் பாத்தாச்சுடா, எல்லா ஷிஃப்டும் ஒண்ணுதான், பேசறவன் பேசுவான், நீ தைரியமாப் போ என்றேன். ஹெப்சிபா முகத்தில் அப்போதுதான் தெளிவு வந்தது. மதினி சொன்னா சரிதான் என்றாள்.

சரியாகத்தானே சொன்னேன். அந்தப் பேச்சு வந்ததால்தானே டாக்டர் என்னிடம் அதைக் கொடுத்தார், மத்தியானம் படுக்கிறவர்களுக்கு உடம்பு நடுங்குகிறது, காய்ச்சல் வருகிறது என்று கூட வருகிறவர்கள் புகார் சொல்கிறார்கள், உண்மையா என்று பாருங்கள் பியூலா, எந்த மென்பொருள் என்றும் முடிவு செய்ய வேண்டும் அல்லவா, இந்தத் தரவையே இரண்டிலும் போட்டுப் பார்த்துவிடுங்கள், இரண்டு வேலையும் ஒன்றாக முடியும் என்றார். போட்டுப் பார்த்தேன். டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்னால் எடுத்த உடம்புச் சூடு, முடிந்த பின் எடுத்த சூடு, இரண்டும் காலை மத்தியானம் சாயங்காலம் என்று மூன்று ஷிஃப்டுக்கும். பழையது மூச்சுவிடுகிற நேரத்தில் பதில் சொல்லிவிட்டது. மூன்று ஷிஃப்டிலும் முடிந்த பின் சூடு தொண்ணூற்றெட்டரையை ஒட்டி, வித்தியாசம் இல்லை, நட்சத்திரம் இல்லை. அது நேற்று. இன்று காலையில் சுல்தானா அதே கோப்பைத் தன் புதியதில் ஏற்றினாள், ஏற்றிவிட்டு, பியூலாக்கா இங்க வாங்களேன் என்று ஒரு மாதிரிக் குரலில் கூப்பிட்டாள், போய்ப் பார்த்தால் திரையில் வரைபடமாக மூன்று கம்பங்கள் நிற்கின்றன, காலை குட்டையாக, சாயங்காலம் குட்டையாக, நடுவில் மத்தியானம் மட்டும் கோயில் கொடிமரம் மாதிரி விறுவிறுவென்று மேலே, சிவப்பாக, ஓரத்தில் எச்சரிக்கை என்று வேறு எழுதிக்கொண்டு. சராசரிச் சூடு இருநூறு டிகிரியைத் தாண்டி நிற்கிறது. இருநூறு டிகிரியில் மனுஷன் வெந்தல்லவா போவான். எனக்கு ஒரு நிமிஷம் திக்கென்றது, அடுத்த நிமிஷம் புரிந்துவிட்டது, சிரிப்புத் தாங்கவில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன், புரிந்ததும் அவளும் சிரித்தாள். அது எங்கள் பழக்கம், எங்கள் பிரிவில் எல்லாருக்கும் கையில் ஊறிய பழக்கம், ஒரு அளவு எடுக்கப்படாமல் விட்டுப்போனால் கட்டத்தை வெறுமையாக விடமாட்டோம், வெறுமையாக விட்டால் தட்டச்சு செய்தவர் மறந்தாரா அளவே இல்லையா என்று தெரியாது, அதனால் 999 என்று போடுவோம், யாருக்கும் வரவே வராத எண், அளவு இல்லை என்று அதற்கு அர்த்தம். பழையதிடம் அதை ஒருமுறை சொல்லி வைத்தால் போதும், 999 வந்தால் அந்த ஆளைக் கணக்கில் சேர்க்காதே என்று, அது சேர்க்காது, ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஆனால் கோப்பைப் புதியதற்கு மாற்றும்போது எண்கள்தான் போகும், நாம் சொல்லி வைத்தது போகாது. புதியதற்கு அது வெறும் எண். யாரோ ஒருவருக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது டிகிரி காய்ச்சல். பார்த்தாயா உன் புத்திசாலியை, காய்ச்சலா காலிக் கட்டமா என்று தெரியவில்லை, இதை நம்பியா நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்லச் சொல்கிறாய் என்று நான் கேலி செய்ததும் அவள் முகம் சுண்டிப்போயிற்று, 999 எல்லாத்தையும் எடுத்துட்டு மறுபடி ஓட்டட்டுமாக்கா என்றாள், ஓட்டு என்றேன், ஓட்டினாள், கொடிமரம் படுத்துவிட்டது, மூன்று கம்பமும் ஒரே உயரம், சொன்னேன்லா என்றேன்.

அதை எழுதினால் போதுமே. பழக்கமில்லாதவர் கையில் புதியது ஆபத்து, காலி இடத்தைக் காய்ச்சல் என்கிறது, எனவே பழையதே தொடரலாம். இவ்வளவுதான். கை வர மாட்டேன் என்கிறது. சாம்பார் சாதம் நெஞ்சில் நிற்கிறது, அவசரமாகச் சாப்பிட்டிருக்கக் கூடாது. காற்றாடி டக். அந்தச் சிவப்புக் கம்பம் கண்ணை விட்டுப் போகவில்லை, வெயிலைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் உள்ளே நிற்குமே அப்படி நிற்கிறது. அதை ஏன் இவ்வளவு நினைக்கிறேன், அது பிழை, பிழை என்று கண்டுபிடித்தாயிற்று, சரியும் செய்தாயிற்று. மத்தியானம் மட்டும். சிரித்ததில் அதைப் பார்க்கவில்லை நான். 999 என்பது விட்டுப்போன அளவு, விட்டுப்போவது எல்லா ஷிஃப்டிலும் நடக்கும், காலையில் ஒருத்தி மறப்பாள், சாயங்காலம் ஒருத்தி மறப்பாள், அப்படியானால் மூன்று கம்பமும் அல்லவா ஏறியிருக்க வேண்டும், மூன்றும் ஒன்றாகக் கோமாளித்தனமாக எழுந்து நின்றிருக்க வேண்டும். இரண்டு குட்டை, ஒன்று மட்டும் கொடிமரம். மத்தியானத்தில் மட்டும்தான் மறக்கிறார்கள். சரி, மத்தியானத்தில் அவசரம், காலை ஆட்கள் கிளம்பவில்லை, சாயங்கால ஆட்கள் வந்து நிற்பார்கள், நர்சுகள் மாறுகிற நேரம், சாப்பாட்டு நேரம், யாருக்குத் தெர்மாமீட்டர் ஞாபகம் வரும். அல்லது புதிதாக வந்த நர்ஸ் யாரோ சோம்பேறி. அது அவர்கள் பாடு. அதை நர்சிங் கண்காணிப்பாளரிடம் சொல்லலாம், அளவு எடுப்பதில் கவனம் தேவை என்று ஒரு வரி எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம், கூட்டத்தில் அதையும் தலையாட்டிக் கேட்பார்கள். ஆனால் அதே மத்தியான நர்சுகள் தொடக்கத்துச் சூட்டை மட்டும் ஒழுங்காக எடுத்திருக்கிறார்களே. தொடக்கத்துக் கட்டத்தில் 999 கிடையாது, நேற்றுப் பார்த்தேன், ஒன்றுகூடக் கிடையாது. தொடங்கும்போது ஞாபகம் இருக்கிறவளுக்கு முடியும்போது மறந்துவிடுமா. முடிந்த பின் எடுப்பதுதானே சுலபம், ஊசியைப் பிடுங்கப் பக்கத்தில் வந்து நிற்கத்தானே வேண்டும். போதும் பியூலா, எதையோ தோண்டுகிறாய், உனக்கு எழுதப் பிடிக்கவில்லை, அதற்காகச் சாக்குத் தேடுகிறாய். நாக்கு உலர்ந்து ஒட்டுகிறது. பாட்டிலில் தண்ணீர் இல்லை.

தெர்மாமீட்டர் என்றாலே அடியானுக்கு ஆகாது. சின்ன வயதில் ஒருநாள் வாயில் வைத்திருந்ததைக் கடித்தே விட்டான், கண்ணாடி நொறுங்கியது, அம்மா அலறிக்கொண்டு துப்புடா துப்புடா என்று கன்னத்தைப் பிடித்து அமுக்க, பாதரசம் சிமெண்டுத் தரையில் உருண்டு உருண்டு ஓடியது, நான் அவனை மறந்தே போய் அந்தக் குட்டிக் குட்டிக் குண்டுகளைத் தாளில் அள்ளப் பார்த்தேன், தொட்டால் இரண்டாகும், சேர்த்தால் ஒன்றாகும், கட்டிலுக்கு அடியில் போனவை போனவைதான், வெகுநாள் கழித்துக்கூடக் கூட்டும்போது ஒன்று பளிச்சென்று தெரியும். ஏன் கடித்தான். சேட்டை என்று அடி வாங்கினான், அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அப்பா கையில் இருந்த துண்டாலேயே ஒன்று வைத்தார். இல்லை. சேட்டை இல்லை. மலேரியா அப்போது அவனுக்கு. பாளையங்கோட்டையில் அந்த வருஷம் வீட்டுக்கு வீடு இருந்தது. போர்வை மேல் போர்வை போட்டு, அதற்கு மேல் என் பாவாடையைக்கூடப் போட்டு, அதற்குள்ளே கிடந்து உதறினான், கட்டிலே கடகடவென்று ஆடியது, பல்லும் பல்லும் அடித்துக்கொண்டன, அந்தப் பல்லுக்கு நடுவில்தான் அம்மா கண்ணாடிக் குழாயை வைத்தாள். வேறு என்ன ஆகும். அதற்குப் பிறகு அம்மா ஒன்று செய்தாள், நடுக்கம் வந்தால் தெர்மாமீட்டரை எடுக்கவே மாட்டாள், அவனை அணைத்துப் பிடித்துக்கொண்டு, முதல்ல இது அடங்கட்டும், சூடெல்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம் என்பாள். டாக்டர் வந்து எவ்வளவு இருந்தது என்று கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பாள். எடுக்கலையே சார். நடுங்குகிற பிள்ளைக்கு யார் சூடு பார்ப்பார்கள். நடுங்குகிற ஆளுக்கு. கூட இருக்கிறவர்கள் ஓடுவார்கள், ஊசியைத் தேடுவார்கள், குழாயைப் பிடுங்குவார்கள், தள்ளுவண்டி கொண்டுவருவார்கள், அவனை அவசரப் பிரிவுக்கு உருட்டிக்கொண்டு போவார்கள். அவனுக்கு டயாலிசிஸ் முடியவே இல்லை. முடியாதவனுக்கு முடிந்த பின் சூடு எங்கிருந்து வரும்.

இரு, இரு, பதறாதே, பார்க்காமல் பதறாதே, பார்க்க வழி இருக்கிறது, எவ்வளவு நேரம் ஓடியது என்று ஒரு கட்டம் இருக்கிறது, நான்தான் அதை வேண்டாம் என்று ஒதுக்கி வைத்தேன், எல்லாருக்கும் நாலு மணி நேரம்தானே, அதில் என்ன ஒப்பிட இருக்கிறது என்று. கை சுட்டியைப் பிடிக்கிறது, வழுக்குகிறது, சேலையில் துடைத்துக்கொள்கிறேன். 999 உள்ளவர்களை மட்டும் மேலே கொண்டு வா. வந்தார்கள். எல்லாம் மத்தியானம், மத்தியானம், மத்தியானம். பக்கத்தில் நேரம். நாலு மணி எங்கேயும் இல்லை. ஒரு மணி. முக்கால் மணி. ஒன்றேகால். ஒரு மணி. அரை. கீழே போகப் போக அதேதான், ஒருவருக்கும் பாதிகூடத் தாண்டவில்லை. வரிசை எண் இருக்கிறது, பெயர் இல்லை, பெயர் இருக்கக் கூடாது என்பது விதி, ஆனால் அடுத்த முறை வந்தாரா என்று தேடினால் சில எண்கள் மறுபடி வருகின்றன, சில எண்கள் அதற்குப் பிறகு எங்கேயுமே இல்லை. மத்தியானத்தில் இடம் காலியாகவே கிடக்கிறதாம். தண்ணீரோ, குழாயோ, அந்தத் தகரக் கூரைக்குக் கீழே உச்சி வெயிலில் எது கெட்டுப்போகிறதோ எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்ததெல்லாம் எண்தான், அந்த எண்ணைத்தான் நான் வெளியே தள்ளியிருக்கிறேன். நடுங்கினவர்களை எல்லாம் ஒருவர் விடாமல் பொறுக்கி எடுத்து வெளியே நிறுத்திவிட்டு, மிச்சம் இருந்தவர்களைப் பார்த்து எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன். பழையது பொய் சொல்லவில்லை, இவர்களைச் சேர்க்காதே என்றேன், சேர்க்கவில்லை. அடியில் பொடி எழுத்தில் சேர்க்கப்படாதவர்கள் என்று ஒரு வரி போட்டுத்தான் இருந்தது, இத்தனை வருஷத்தில் அந்த வரியை நான் எப்போது படித்தேன். புதியது பைத்தியக்காரத்தனமாகக் கத்தியது. ஆனால் கத்தியது. அந்தக் கத்தலையும் நான்தான் சிரித்துக்கொண்டே, ஓட்டு என்று சொல்லி அடக்கினேன். பயமாக இருக்கிறது. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு ஊசி குத்தியிருப்பார்கள். இப்போது மணி என்ன. போன் எங்கே, பைக்குள் கையை விட்டால் சாப்பாட்டுப் பாத்திரம், கண்ணாடிக் கூடு, சீப்பு, எல்லாம் வருகிறது, அது மட்டும் வரவில்லை, மேஜைமேல்தான் இருக்கிறது, கண்ணெதிரே.

மணி அடிக்கிறது. எடுடா. அடிக்கிறது. ஒன்றும் இராது, போனைத் தலைமாட்டில் போட்டுவிட்டுத் தூங்குவான், அவன் தூங்கினால் இடி விழுந்தாலும் தெரியாது, எழுப்பினதற்குத் திட்டுவான், நன்றாகத் திட்டட்டும். கதவைத் திறந்துகொண்டு சுல்தானா வருகிறாள், முகம் கழுவின ஈரத்தோடு, என்னைப் பார்த்ததும் நிற்கிறாள், பியூலாக்கா எதுன்னு எழுதிட்டீங்களா என்று கேட்க வந்தவள் பாதியில் நிறுத்திக்கொள்கிறாள். எடுத்துவிட்டான். குரல் வருவதற்கு முன்னால் மூச்சு வருகிறது. “என்னக்கா.” ஒன்றுமில்லை, சும்மாதான், எப்படி இருக்கே என்கிறேன், என் குரல் எனக்கே யாருடையதோ போல் கேட்கிறது. “நல்லாத்தாங்க்கா இருக்கேன். கொஞ்சம் குளிருது. ஏசிய சரி பண்ணிட்டாங்க போல, ஜாஸ்தி வச்சிருக்காங்க.” ஜன்னல் வழியே தகரக் கூரை தெரிகிறது, அதன் ஓரத்தில் ஏசிப் பெட்டி பிரித்துப் போட்டபடியே கிடக்கிறது, காற்றாடி இறக்கையைத் தனியே கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள், காலையில் பார்த்தபடியே.

“அடியான், நர்ஸைக் கூப்பிடு. மெஷின நிறுத்தச் சொல்லு. இப்பவே.” எதுக்குக்கா என்கிறான், இல்லை, எதுக்கு என்று தொடங்குகிறான், அந்தச் சொல் பல்லுக்கு நடுவில் அகப்பட்டு உடைகிறது, கடகடவென்று ஒரு சத்தம், கட்டிலா போனா அவன் பல்லா, எதுவென்று எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்தே தெரியும். யாரோ போனை எடுக்கிறார்கள், பெண் குரல், யாருங்க, நான் புள்ளியியல் பியூலா, அவன் அக்கா என்று கத்துகிறேன், கத்திக்கொண்டே நடைக்கு வந்துவிட்டேன், செருப்பு மேஜைக்கு அடியிலேயே கிடக்கிறது, லிஃப்டுக்கு முன்னால் கூட்டம், படி. நான் பேச்சியம்மா மேடம், டயாலிசிஸ் ஸ்டாஃப் என்கிறது குரல், பயந்த குரல், மெஷினை நிறுத்திட்டோம், சாருக்கு நடுக்கம் வந்திருக்கு, டாக்டருக்கு ஆள் போயிருக்கு என்கிறது. எத்தனையோ பேருக்கு இதைச் செய்து பழகியவளின் வேகம் அதில் இருக்கிறது. சூடு பாத்தியாம்மா என்று கேட்கிறேன். மாடித் திருப்பத்தில் முழங்கால் கம்பியில் இடிக்கிறது. “பாத்தேன் மேடம். ஆனா நடுவுல எடுத்தத எழுத எடம் இல்லியே. ஆரம்பிக்கும்போது ஒண்ணு, முடிஞ்சப்புறம் ஒண்ணு, அவ்வளவுதான கட்டம் போட்டிருக்கு.” அந்த இரண்டு கட்டத்தையும் போட்டுக் கொடுத்தவள் நான். நாளைக்கு யாரோ ஒருவர் அவனுடைய எண்ணுக்கு எதிரே மூன்று ஒன்பதைத் தட்டுவார், வேறு எதையும் தட்ட அவருக்கு வழியில்லை, பிறகு அவனையும் வெளியே நிறுத்திவிட்டு மூன்று கம்பமும் ஒரே உயரமாக நிற்கும். மேலேயிருந்து சுல்தானா ஓடிவருகிற சத்தம் கேட்கிறது, அக்கா செருப்பு, அக்கா என்ன ஆச்சு. எங்கிட்டச் சொல்லு, நான் எழுதிக்கிடுதேன் என்கிறேன் போனில். “நூத்திமூணு மேடம்” என்கிறது குரல், உடனே போன் எங்கோ விழுகிறது, கட்டில் ஆடுகிற சத்தமும் யாரோ தள்ளுவண்டி என்று கூப்பிடுகிற சத்தமும் மட்டும் கேட்கின்றன. கையில் பேனா இல்லை, தாள் இல்லை. இன்னும் ஒரு மாடி இருக்கிறது. நூற்று மூன்று, நூற்று மூன்று என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இறங்குகிறேன், எதிரே ஏறி வருகிறவர்கள் ஒதுங்கி வழி விடுகிறார்கள்.